தோத்தது அவ உடம்பில்ல

போன வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம். கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தோம். பஞ்சமி நிலம், மலையில் பட்டா, சுடுகாட்டுப் பாதை, 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துச் செத்துப்போன 60-க்கும் மேற்பட்டவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு. எல்லாம் எழுதியாயிற்று. "இன்னொன்னும் சேருங்க" என்றேன். "பிரசவ வார்டுல வலி வர மருந்து வச்சு, பிரசவம் நகராம, கடைசியில ஆபரேஷன் பண்ணி அனுப்புறாங்கல்ல, அந்தப் பொம்பளைங்களுக்கு இன்னா நடந்துச்சுன்னு தமிழ்ல எழுதிக் குடுக்கணும்." எதிரே உட்கார்ந்திருந்த தோழர் ஒருத்தர் சிரித்தார். "யக்கா, அது டாக்டருங்க சமாச்சாரம். அதுல நமக்கு இன்னா அரசியல் இருக்கு? தாயும் புள்ளையும் நல்லபடியா வந்துட்டாங்கல்ல?" பல பேர் தலையாட்டினார்கள். கோரிக்கை எழுதப்படவில்லை.

அந்தத் தோழருக்குத்தான் இந்தக் கட்டுரை. அவர் நல்லவர், பலமுறை சிறைக்குப் போனவர். ஆனால் பிரசவ வார்டின் கதவுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை. நான் உள்ளே இருந்து வருகிறேன்.

1

என் தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். குறித்த தேதி தாண்டி நாலு நாள் ஆகியும் வலி இல்லை. ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவு என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. ஒரு கட்டடத்தைத் திட்டிவிட்டுப் போவது என் நோக்கமில்லை. எல்லா ஊர்க் கட்டடத்திலும் இதுதான் நடக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் ஜெல் வைத்தார்கள். விடிந்ததும் கை வைத்துப் பார்த்து "வாய் தெறக்கல" என்றார்கள். இரண்டாம் நாள் இன்னொரு ஜெல். அன்றைக்கு ராத்திரி முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "சூட்டு வலிதான், படு" என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் பனிக்குடத்தை உடைத்து டிரிப் போட்டார்கள். வயிற்றில் சோறு இல்லை. மல்லாக்கப் படுத்தபடியே கிடக்கணும். எழுந்து நடக்கட்டுமா என்று கேட்டதற்குத் திட்டு. கூட நான் நிற்கட்டுமா என்று கேட்டதற்கும் திட்டு. பிரசவத்தில் ஒரு துணை இருக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2004-லேயே திட்டம் போட்டாகிவிட்டது. அந்தத் திட்டம் கதவுக்கு வெளியேதான் நின்றது, என்னைப் போலவே.

எத்தனை பேர் கை விட்டுப் பார்த்தார்கள் என்று அவளால் எண்ண முடியவில்லை. யார் டாக்டர், யார் படிக்கிற பிள்ளை, தெரியாது. ஒருத்தர்கூட "பாக்கட்டுமாம்மா" என்று கேட்கவில்லை. பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. ஒருத்தருக்கொருத்தர் இங்கிலீஷில் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டு போனார்கள். வலி தாங்காமல் கத்தினபோது ஆயா சொன்னது: "முக்கத் தெரியல, கத்த மட்டும் தெரியுது." சாயங்காலம் ஆபரேஷன். பெண் குழந்தை. இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள். அதற்கு நன்றி சொல்கிறேன், அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் மலைக்காரப் பொண்ணு ஒருத்தி. கரியாலூருக்கும் மேலே ஒரு ஊர். அவளுக்கும் முதல் பிள்ளை. பிரஷர் ஏறிவிட்டது என்று கீழே இறக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். புருஷன் வெளிமாநிலத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தான். கூட அவள் அம்மா மட்டும். அவளுக்கும் மாத்திரை, அவளுக்கும் டிரிப், அவளுக்கும் கத்தி. வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சீட்டு. இரண்டு சீட்டிலும் ஒரே இரண்டு வார்த்தை, இங்கிலீஷில்: ஃபெயில்டு இண்டக்‌ஷன். தூண்டல் தோல்வி.

தோற்றது யார்? சீட்டில் அது இல்லை. அதை வீட்டில் எழுதிக்கொண்டார்கள். "எங்க காலத்துல களத்துமேட்டுல பெத்துப் போட்டுட்டு நாத்து நடப் போனோம். இது ரெண்டு நாளா படுத்துக்கிட்டு முக்காம கத்தி வச்சுக்கிட்டு வந்திருக்கு" என்றாள் மாமியார்க்காரி. முக்கத் தெரியாதவள் என்ற பேர் என் தங்கச்சிக்கு ஊரில் நிலைத்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முக்குவது என்பது கர்ப்பவாய் முழுசாக, 10 சென்டிமீட்டர் திறந்த பிறகு வருகிற கட்டம். என் தங்கச்சி 4-ஐத் தாண்டவில்லை. முக்க வேண்டிய நேரமே அவளுக்கு வரவில்லை. வராத பரீட்சையில் அவளை ஃபெயிலாக்கினார்கள்.

2

மருந்து வைத்தும் பிரசவம் ஏன் நகரவில்லை? இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கர்ப்பவாய் என்பது கதவு இல்லை, தட்டினால் திறக்க. அது காய் மாதிரி. கெட்டியாக, நீளமாக, பின்பக்கம் ஒதுங்கி இருப்பது மெல்ல மெல்லப் பழுத்து, மெத்தென்று ஆகி, குறுகி, முன்னுக்கு வந்து, பிறகுதான் திறக்கும். தானாக வலி வருகிற பொம்பளைக்கு இந்த வேலையெல்லாம் பல நாள் முன்னாலேயே உடம்புக்குள் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். மருந்து வைப்பவர்கள் அந்தப் பல நாள் வேலையை ஒன்றிரண்டு நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். காய் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று அளக்க 1964-ல் எட்வர்டு பிஷப் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். ஐந்து விஷயம், மொத்தம் 13 மதிப்பெண். 6-ம் அதற்குக் கீழும் என்றால் காய் இன்னும் காய்தான். முதல் பிரசவம், மதிப்பெண் குறைவு: இந்த இரண்டும் சேர்ந்தால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். இது எந்த டாக்டருக்கும் தெரியும். என் தங்கச்சிக்குத் தெரியாது. அவள் உடம்பின் மதிப்பெண் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வேறு காரணங்களும் உண்டு. பிள்ளையின் தலை முகம் மேலே பார்த்தபடி திரும்பியிருந்தால் இறங்க நேரமாகும். பிள்ளை பெரிசாக இருக்கலாம். கர்ப்பப்பை விட்டுவிட்டுச் சுருங்கலாம். மல்லாக்கவே கிடந்தால் இறங்குவது இன்னும் கஷ்டம். தாகத்தோடும் பயத்தோடும் தூக்கமில்லாமலும் இரண்டு நாள் கிடந்த உடம்பு எவ்வளவு தாங்கும்?

எல்லாவற்றுக்கும் மேலே, நேரம். நியூயார்க்கில் ஃப்ரீட்மேன் என்ற டாக்டர் 1955-ல் 500 பெண்களைப் பார்த்து ஒரு வளைகோடு வரைந்தார். அதிலிருந்து வந்த மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டர் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதற்கு வரையறை இல்லை என்றும் சொன்னது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014-ல் இன்னும் தெளிவாகச் சொன்னது: தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்றால், பனிக்குடம் உடைந்த பிறகு குறைந்தது 12 முதல் 18 மணிநேரம் டிரிப் ஓட்டிப் பார்க்காமல் தோல்வி என்ற வார்த்தையை எழுதக்கூடாது.

மருந்து எல்லாருக்கும் வேலை செய்யும் என்பதும் பொய். பிரஷர் இருந்த 602 கர்ப்பிணிகளை நாக்பூரில் இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மாத்திரை கொடுத்தவர்களில் 57 சதவீதம் பேர்தான் 24 மணிநேரத்துக்குள் கத்தி இல்லாமல் பெற்றார்கள். பலூன் குழாய் வைத்தவர்களில் 47 சதவீதம். ஒழுங்காகக் கவனித்துச் செய்த இடத்திலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரு நாளில் ஆகவில்லை. அந்தப் பாதிப் பேரும் முக்கத் தெரியாதவர்களா?

இங்கே ஒன்றைத் திருத்தமாகச் சொல்லணும். வலி வர மருந்து வைப்பதே சதி என்று நான் சொல்லவில்லை. பிரஷர், சர்க்கரை, நாள் கடந்துபோவது, வலி வராமலேயே நீர் உடைவது, இதற்கெல்லாம் மருந்து வைக்கவேண்டியதுதான். அந்த மலைக்காரப் பொண்ணுக்குப் பிரஷர். காத்திருந்தால் ஜன்னி வந்து செத்திருப்பாள். ஆபரேஷனும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. என் கேள்வி வேறு. செய்தீர்கள், சரி. ஏன் செய்தீர்கள், என்ன கண்டீர்கள், எதனால் நின்றது என்று அந்த உடம்புக்காரிக்கு ஏன் சொல்லவில்லை?

3

ஏனென்றால் அந்த இரண்டு வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு கதை ஒளிந்திருக்கிறது. ஒன்று, காய் பழுக்கவே இல்லை, பிரசவம் தொடங்கவே இல்லை. இரண்டு, தொடங்கி 6, 7 வரைக்கும் போய், தலை இறங்காமல் நின்றுவிட்டது. மூன்று, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்கி, அவசரமாக எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றுக்கும் மூன்று அர்த்தம். முதல் கதைக்காரிக்கு இடுப்பெலும்பில் குறை இருக்கிறது என்றே யாரும் சொல்ல முடியாது, அதைச் சோதித்துப் பார்க்கும் கட்டம் வரைக்கும் போகவே இல்லை. அடுத்தமுறை தானாக வலி வந்தால் அவள் கத்தி இல்லாமல் பெற நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டாம் கதைக்காரிக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் குறைவு. மூன்றாம் கதைக்காரிக்கு, அது அந்தப் பிள்ளையின் கதை, அடுத்த பிள்ளையுடையது அல்ல.

அடுத்த பிரசவத்தில் எந்த வழி என்று முடிவெடுக்க இதுதான் வேணும். இதை எழுதாமல் தோல்வி என்று மட்டும் எழுதி அனுப்பினால் அடுத்தமுறை டாக்டர் என்ன செய்வார்? முன்னே ஆபரேஷன், அப்படியென்றால் இப்போதும் ஆபரேஷன் என்பார். 1916-ல் நியூயார்க் டாக்டர் கிராகின் சொன்ன பேச்சு இது. அவர் சொன்னதே, முதல் கத்தியை யோசித்து வையுங்கள், ஒருமுறை வைத்தால் பிறகு தப்பமுடியாது என்று எச்சரிப்பதற்கு. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை நெடுக்குவாட்டில் கீறினார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் குறுக்குவாட்டில் கீறுகிறார்கள். அப்படிக் கீறிய பெண்களில் அடுத்தமுறை சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்கு அது நடக்கிறது.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 100 பிரசவத்துக்கு 45 ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64. இந்தியாவின் சராசரி 21.5. கத்தி கூடக்கூட, அடுத்தடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு ரத்தம் கொட்டுகிற ஆபத்தும் கூடுகிறது. முதல் கத்தியின் கதையை எழுதிவைக்காத ஒரு மாநிலம் இரண்டாவது மூன்றாவது கத்தியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு வைக்கிறது.

4

இதில் என்ன சாதி என்று தோழர் கேட்பார்.

அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் ஒரு கடிதத்தை எடுத்து வைக்கிறார். 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா'வில் வந்தது. காத்தியவாரில் தீண்டப்படாத ஒரு பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் இந்து டாக்டர். பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்த பிறகு, இரண்டு நாள் பிள்ளைத்தாய்ச்சியைச் சேரிக்கு வெளியே தூக்கி வரச் சொல்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார், அவர் புருஷனிடம் கொடுக்கிறார், புருஷன் பெண்டாட்டிக்கு வைக்கிறார். அதே வழியில் திரும்பிப் போகிறது. தொடாமல் வைத்தியம். அந்தத் தாய் செத்துப்போனாள்.

இன்றைக்குத் தொடாத டாக்டர் இல்லை. தொடுகிறார்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் தொடுகிறார்கள், கேட்காமல் தொடுகிறார்கள். அன்றைக்குத் தொட மறுத்ததும் இன்றைக்குக் கேட்க மறுப்பதும் ஒன்றேதான்: இந்த உடம்புக்குள் ஒரு ஆள் இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ளாதது. தீட்டு போய்விட்டது, ஆள் இன்னும் வரவில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 1840-களில் அனார்க்கா என்ற அடிமைப் பெண்ணுக்குப் பிரசவம் மூன்று நாள் நகராமல் நின்றது. அதில் உள்ளே கிழிந்து, சிறுநீர் ஒழுகும் புண் உண்டானது. மரியன் சிம்ஸ் என்ற டாக்டர் அதைத் தைக்கக் கற்றுக்கொள்ள மயக்கமருந்து இல்லாமல் அவளுக்கு 30 தடவை போல அறுவை செய்தார். லூசி, பெட்சி என்ற அடிமைப் பெண்களையும் அறுத்தார். அவருக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க்கில் அந்தச் சிலையை அகற்ற 2018 வரை ஆனது. நகராத பிரசவத்திலிருந்து டாக்டர்களின் அறிவு வளர்ந்தது. அந்த அறிவு எந்த உடம்பிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த உடம்புக்காரிக்குத் திரும்பி வரவில்லை. நம் வார்டிலும் படிக்கிற பிள்ளைகள் எங்கள் மேல்தான் படித்துக்கொள்கிறார்கள். படிக்கட்டும். படித்ததை எங்களுக்கும் சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் 1990-களில் பிரசவங்களை ஆராய்ந்து சிசிலியா வான் ஹாலன் எழுதிய நூல் 2003-ல் வந்தது. ஏழைப் பெண்களுக்கு வலியைக் கூட்டும் மருந்து தாராளமாகப் போடப்பட்டதையும், பிள்ளை பெற்ற கையோடு கேட்காமலே காப்பர்-டி வைத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். நம் அம்மாக்களுக்கு நடந்ததை எழுத ஒரு வெள்ளைக்காரி வரவேண்டியிருந்தது. நாம் எழுதவில்லை. ஏனென்றால் அதில் அரசியல் இல்லை என்று நம் தோழர்கள் சொல்லிவிட்டார்கள். 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். அவருக்கு இருந்த அரசியல் நமக்கு ஏன் இல்லாமல் போனது?

5

நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்வோம்.

என் தங்கச்சியைக் கத்தினாளே ஆயா, அவள் நம்ம சேரிக்காரிதான். ஒப்பந்தக் கூலி. வார்டு முழுக்க ரத்தத்தைக் கழுவுவது அவள்தான். மேலே இருப்பவர்களிடம் வாங்கிய ஏச்சைக் கீழே கிடப்பவள் மேல் இறக்குகிறாள். சாதி ஏணிப்படி என்று மேடையில் பேசுகிறோமே, அது பிரசவக் கட்டிலின் காலடி வரைக்கும் இறங்கியிருக்கிறது.

களத்துமேட்டில் பெற்றோம் என்று மாமியார் சொல்வதையே நம் பண்பாட்டு எழுத்தாளர்கள் சிலர் கொஞ்சம் அழகாக எழுதுகிறார்கள். மருத்துவச்சி காலம் பொற்காலமாம். மருத்துவச்சிக்குக் கைப்பக்குவம் இருந்தது, நான் மறுக்கவில்லை. அவள் கூடவே உட்கார்ந்தாள், நடக்க வைத்தாள், கஞ்சி கொடுத்தாள், பேசினாள். ஆனால் பிரசவம் நகராமல் மூன்று நாள் கிடந்து செத்தவர்களின் கதையை யார் சொல்வது? செத்தவர்கள் மாமியார் ஆகவில்லை, அதனால் அவர்கள் கதை வரவில்லை. எனக்கு மருத்துவச்சியின் பேச்சும் வேணும், ஆபரேஷன் தியேட்டரும் வேணும்.

மலை வேறு கதை. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த கல்வராயன் மலைக்கு அரசாங்கம் என்ற ஒன்று மேலே ஏறி வந்ததே தாமதம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது, 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. எல்லாம் கீழே. மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர்நீதிமன்றமே 2024-ல் தானாக முன்வந்து வழக்காக எடுக்கவேண்டியிருந்தது. கீழ்நாட்டில் நம் பெண்களுக்குக் கத்தி சீக்கிரம் வருகிறது. மலையில் வண்டி தாமதமாக வருகிறது. அந்தப் பொண்ணுக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

இப்போது யோசியுங்கள். அவள் கர்ப்பப்பையில் ஒரு தழும்போடு மலைக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அடுத்தமுறை ராத்திரியில் வலி எடுத்து, வீட்டிலேயே பார்த்துக்கலாம் என்று விட்டால், தழும்பு விட்டுப்போகலாம். கீழே குறுக்காகக் கீறிய தழும்பில் அது 200 பேரில் ஒருத்திக்கு, அல்லது கொஞ்சம் கூடுதலாக நடக்கும். நெடுக்காகக் கீறியிருந்தால் ஆபத்து பல மடங்கு. ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருந்தால் நிமிஷத்தில் காப்பாற்றலாம். மலைமேல் முடியாது. எந்தக் கீறல் என்று அவளுக்குத் தெரியாது. வயிற்றுத் தோலில் தெரிகிற தழும்பை வைத்துச் சொல்லவும் முடியாது, தோலில் ஒருவிதம் உள்ளே ஒருவிதம் இருக்கலாம். ஒரே ஒரு வரி எழுதிச் சொல்லியிருந்தால் போதும். இது காகிதத்துக்கான சண்டை இல்லை தோழர், உயிருக்கானது.

6

அடுத்தமுறைக்கு எப்படித் தயாராவது? அடுத்தமுறை என்பது அடுத்த கர்ப்பத்தில் தொடங்குவதில்லை. ஆஸ்பத்திரியை விட்டு இறங்குகிற அன்றைக்கே தொடங்குகிறது.

முதலில் கேஸ் ஷீட். நோயாளி கேட்டால் 72 மணிநேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்கணும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷ நெறிமுறை விதி சொல்கிறது. அதே விதிப்படி அவர்கள் அதை வைத்திருக்க வேண்டிய காலம் 3 வருஷம்தான். அடுத்த பிள்ளை நாலாவது வருஷம் வந்தால் பழைய கதை குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே உடனே கேளுங்கள், எழுதிக் கேளுங்கள்.

கேட்கவேண்டியவை இவை. எத்தனாவது வாரத்தில், எதற்காக மருந்து வைத்தார்கள்? அப்போது கர்ப்பவாயின் மதிப்பெண் என்ன? என்ன மருந்து, எத்தனை தடவை, எந்த நேரத்தில்? பனிக்குடம் எப்போது உடைந்தது, டிரிப் எத்தனை மணிநேரம் ஓடியது? கடைசியாக எத்தனை சென்டிமீட்டர்? பிள்ளையின் தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எடை என்ன, நாடி எப்படி இருந்தது? கர்ப்பப்பையில் எந்தக் கீறல்? இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

அடுத்தது இடைவெளி. ஒரு பிள்ளைக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு 2 வருஷமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சீக்கிரம் உண்டானால் தழும்புக்கும் ஆபத்து கூடும். இது பெண்ணுக்கு மட்டும் சொல்கிற புத்தி இல்லை. புருஷன்மார்களே, இது உங்களுக்கும்தான். அந்த இடைவெளியில் ரத்தசோகையைச் சரிசெய்யணும், பிரஷர் சர்க்கரை பார்த்துக்கொள்ளணும்.

கர்ப்பமானால் முதல் தடவை செவிலியரைப் பார்க்கும்போதே அந்தப் பக்கத்தைக் காட்டணும். சுகப்பிரசவத்துக்கு முயலலாமா, நேரே ஆபரேஷனா என்று டாக்டரிடம் பேசி முடிவெடுக்கணும். எந்த முடிவானாலும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரியில்தான். தெரிந்தே ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் தோல்வி இல்லை, அவள் முடிவு. மலைக்காரர்கள் வலி வரும்வரை மேலே காத்திருக்கக்கூடாது. மலைப்பகுதிப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கத்தான் பிரசவக் காத்திருப்பு அறைகள் என்று அரசு ஏற்படுத்தியிருக்கிறது. உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்று செவிலியரைக் கேளுங்கள். வலிக்கும் வலிக்கும் நடுவே விடாமல் வயிறு நோவது, தழும்பு இடத்தில் சுரீரென்று வலி, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது, இதில் எதுவானாலும் ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது.

மறுபடியும் மருந்து வைக்கணும் என்றால் கேளுங்கள். இன்றைக்கே ஏன்? நாலு நாள் பொறுத்தால் என்ன ஆகும்? மதிப்பெண் என்ன? வேலை செய்யாவிட்டால், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்து பனிக்குடமும் உடையாமல் இருந்தால், ஓய்வு கொடுத்து மறுபடி முயலலாமா? முன்னே கத்தி வைத்தவள் என்றால் அதை உரக்கச் சொல்லுங்கள், மிசோப்ரோஸ்டால் மாத்திரை அவளுக்குக் கொடுக்கக்கூடாது. மற்ற மருந்துகளையும் யோசித்துத்தான் போடணும். ஒரு துணையைக் கேளுங்கள். எழுந்து நடக்க, உட்கார, தண்ணீர் குடிக்கக் கேளுங்கள். கேட்டால் திட்டுவார்கள். திட்டட்டும். கூலி கேட்டபோதும் திட்டினார்கள், செருப்புப் போட்டு நடந்தபோதும் திட்டினார்கள்.

7

கேஸ் ஷீட் நகலுக்கு நானும் தங்கச்சியும் மூன்று தடவை அலைந்தோம். "குடுத்தா படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார் குமாஸ்தா. "எங்க காலனியில நர்ஸுக்குப் படிச்ச பொண்ணு இருக்கு சார்" என்றேன். கிடைத்தது.

அந்தப் பொண்ணு திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். முதல் ஜெல் வைக்கும்போது மதிப்பெண் 3. பனிக்குடம் உடைத்தது மூன்றாம் நாள் காலை 10 மணி. தோல்வி என்று எழுதியது சாயங்காலம் 6. எட்டு மணிநேரம். கர்ப்பவாய் 4 சென்டிமீட்டர். பிள்ளையின் நாடி கடைசி வரைக்கும் சீராக இருந்ததாக எழுதியிருக்கிறது. கீறல் கீழே, குறுக்கு. அவசரப்பட வேறு காரணம் இருந்திருக்கலாம். இரவு டியூட்டிக்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரே டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார். காரணம் இருந்தால் எழுதியிருக்கணும். எழுதவில்லை.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "அப்ப நான் முக்காம இல்ல. முக்குற நேரமே வர்ல." அந்தக் காகிதத்தை மாமியாரிடம் படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினோம். கிழவி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, தனக்கு முதலில் பிறந்து செத்துப்போன பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். 30 வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அவளுக்கும் பிரசவம் நகரவில்லையாம். அவளையும் முக்கத் தெரியாதவள் என்றார்களாம்.

அந்த மலைக்காரப் பொண்ணின் சீட்டு இன்னும் அந்த இரண்டு வார்த்தையோடு மேலே எங்கோ ஒரு கூரையில் செருகியிருக்கும். எனக்கு அவள் ஊர் தெரியும், போக வண்டி இல்லை. தோழர் பட்டா வேலையாக மலைக்கு மாசத்துக்கு இரண்டு தடவை போகிறார். அவரிடம் கேட்கிறேன்: அடுத்தமுறை போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளிடம் கையெழுத்து வாங்கி மனு போடலாம். மூன்று வருஷம் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கோரிக்கையை மறுபடியும் வைப்பேன். ஒவ்வொரு பிரசவத்துக்கும் என்ன நடந்தது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவள் கையில் கொடுக்கணும். கேட்டுவிட்டுத் தொடணும். தோல்வி என்ற வார்த்தையைப் பொம்பளை பேருக்குப் பக்கத்தில் எழுதக்கூடாது. இந்தத் தடவை எழுதிக்குங்க தோழர்.